அளந்து சொல்பவருக்கு யார் கூலி தருவது?

வேதியியலால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்டால் எங்கள் துறைக்காரர்கள் சட்டென்று ஒரு பட்டியல் தருவோம். உரம், மருந்து, சாயம், சோப்பு, பெயிண்ட், பிளாஸ்டிக், பேட்டரி. அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் விலைக்குப் போகும் சரக்குகள். செய்பவருக்குச் சம்பளம் தர ஆலைகள் இருக்கின்றன. வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதே சரக்கு நம் இரத்தத்தில், கிணற்றில், காற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்வதும் வேதியியல்தான். அதை விலை கொடுத்து வாங்க யாரும் வருவதில்லை. அறிவியலின் பயன் குறித்துக் கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் வேதியியலாளர்கள் பேசியதையும் செய்ததையும் திரும்பிப் பார்த்தால், இந்த இரண்டாவது வேலைக்கு உரிய இடம் கிடைக்கவே இல்லை என்பது தெரியும். சமூகத்துக்கு வேதியியல் தரக்கூடிய மிகப் பெரிய பயன் அதில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

முதலில் சரக்குகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1898இல் பிரிஸ்டல் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் தலைமையுரை ஆற்றிய வில்லியம் குரூக்ஸ், கோதுமை உண்ணும் நாடுகள் விரைவில் பஞ்சத்தைச் சந்திக்கும் என்று எச்சரித்தார். அன்றைக்குப் பயிருக்கான நைட்ரஜன் உரம் பெருமளவு சிலி நாட்டுப் பாலைவன வெடியுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது என்றைக்காவது தீரும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. அதைப் பயிர் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது வேதியியலாளரின் கடமை என்றார் அவர். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1909இல், கார்ல்ஸ்ரூ நகர ஆய்வகத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் உயர் அழுத்தத்தில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஆஸ்மியம் வினையூக்கியின் மேல் செலுத்தி, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இன்று மனித உடல்களில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதி அந்த வினையின் வழியாக வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தஞ்சை விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் யூரியா மூட்டையும் அந்த வழியில் வந்ததுதான்.

அதே ஹேபர் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்குத் தலைமை தாங்கினார். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவரான அவருடைய மனைவி கிளாரா அடுத்த பத்தாம் நாள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். ஹேபரின் கதையைச் சொல்லும் எவரும் முடிவில் கத்தியைக் கொண்டுவருவார்கள்: கத்தி காயும் நறுக்கும், ஆளையும் வெட்டும்; குற்றம் கத்தியுடையது இல்லை, பிடித்த கையுடையது என்று. எனக்கு இந்த உவமையில் நெடுநாளாக உடன்பாடில்லை. கத்தி வெட்டினால் அந்தக் கணமே இரத்தம் தெரியும். வேதிப்பொருள் செய்யும் கேடு பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. யாராவது உட்கார்ந்து லட்சத்தில் ஒரு பங்கை, கோடியில் ஒரு பங்கை அளந்து காட்டும்வரை அது இல்லாததுபோலவே இருக்கும். பயன்படுத்துபவரின் நல்ல மனம் மட்டும் போதாது. என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரிய வேண்டுமே.

அறிவியலை யார் வழிநடத்துவது என்ற விவாதம் 1930களில் இங்கிலாந்தில் சூடுபிடித்தது. படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னல் 1939இல் எழுதிய நூலில், அறிவியல் சமூகத் தேவைகளுக்காகத் திட்டமிட்டு நடத்தப்பட வேண்டும் என்றார். அதைக் கடுமையாக எதிர்த்தவர் மைக்கேல் பொலானி. ஹங்கேரியில் பிறந்து, பெர்லினில் வேதிவினைகளின் வேகத்தை ஆராய்ந்து, 1933இல் ஹிட்லரின் ஜெர்மனியைவிட்டு மான்செஸ்டருக்கு வந்த வேதியியலாளர். பின்னாளில் வேதியியல் பேராசிரியர் பதவியைவிட்டுச் சமூக அறிவியல் பக்கம் போனார். எந்த ஆராய்ச்சி எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அதற்கு அவர் தம் அனுபவத்தையே சான்றாக வைத்தார். 1945 ஜனவரியில் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அவரும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கலந்துகொண்டார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டால் நடைமுறைப் பயன் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு இருவருக்குமே பதில் தோன்றவில்லை. ஏழு மாதங்களில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது.

பெர்னலிடம் அக்கறை இருந்தது. பொலானியிடம் அறிவியல் எப்படி வளர்கிறது என்ற தெளிவு இருந்தது. ஆனால் இருவரும் தொடாத ஒரு கேள்வி உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் தருபவரின் வருமானத்தையே பாதிக்கும் ஓர் உண்மையை ஆராய்ச்சி கண்டுபிடித்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நேராக வந்து நின்றவர் அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். அவரைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பேட்டர்சனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, சிர்கான் என்ற கனிமத்தின் பொடித் துகள்களில் உள்ள ஈயத்தை அளப்பது. யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறும் வேகம் தெரியும். ஆகவே ஈயத்தை அளந்தால் பாறையின் வயது கிடைக்கும். யுரேனியத்தை அளந்த சக மாணவருக்குக் கணக்கு சரியாக வந்தது. பேட்டர்சனுக்கோ ஈயம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு காட்டியது. கண்ணாடிக் குடுவையில் ஈயம், அமிலத்தில் ஈயம், குழாய்த் தண்ணீரில் ஈயம், அறையின் தூசியில் ஈயம், தலைமுடியில் ஈயம். ஒவ்வொன்றாகப் பிடித்து நீக்குவதில் ஆண்டுகள் கழிந்தன. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் நிறுவனத்துக்குப் போனதும், வடிகட்டிய காற்று மட்டும் நுழையும் தனி ஆய்வகம் ஒன்றைக் கட்டினார். பாத்திரங்களை அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவினார். வாங்கிய அமிலத்தையும் நம்பாமல் தாமே காய்ச்சி வடித்துக்கொண்டார். அந்த அறையில்தான் அரிசோனாவில் விழுந்த இரும்பு விண்கல் ஒன்றிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்தார். பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்ற முடிவு 1956இல் அச்சானது. அந்த எண் இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

பூமியின் வயது தெரிந்து யாருக்கும் ஒரு வேளைச் சோறு கிடைக்காது. பெர்னலின் திட்டக்குழு எதுவும் இதற்கு முன்னுரிமை தந்திருக்காது. ஆனால் அதற்காகக் கட்டிய அறையும் பழகிய கையும் வேறொன்றுக்கு உதவின. பொலானி சொன்னபடியே நடந்தது. பேட்டர்சன் கடல்நீரில் ஈயத்தை அளந்தார். ஆழத்தில் இருப்பதைவிட மேல்மட்ட நீரில் ஈயம் பன்மடங்கு இருந்தது. கடலில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்தால் இப்படி இருக்காது. அண்மையில் மேலிருந்து விழுந்திருக்க வேண்டும். கிரீன்லாந்துப் பனியைத் தோண்டி ஆண்டு ஆண்டாக அளந்தபோது, தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து ஏறி, 1940க்குப் பிறகு செங்குத்தாக உயர்ந்தது தெரிந்தது. காரணம் பெட்ரோல். என்ஜினில் தட்டல் சத்தம் வராமல் இருக்க 1920களிலிருந்து பெட்ரோலில் டெட்ராஎதில் ஈயம் கலந்து வந்தார்கள். கார் ஓடிய இடமெல்லாம் ஈயம் புகையாகப் போயிருந்தது.

1920களிலேயே எதிர்ப்பு இருந்தது. அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் பித்துப்பிடித்து இறந்தார்கள். தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் 1925இல் அரசு கூட்டிய மாநாட்டில் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் அதற்கடுத்த நாற்பது ஆண்டுகள் ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய அமெரிக்க ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்தத் தொழிலின் பணத்தில்தான் நடந்தது. அதன் தலைமை மருத்துவ ஆலோசகர் ராபர்ட் கெஹோ சொன்னது இது: ஈயம் எல்லா மனிதரின் உடலிலும் இருக்கிறது, ஆகவே அது இயற்கை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால்தான் நோய். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர் மெக்சிகோவின் ஒதுக்குப்புறக் கிராமவாசிகளைச் சோதித்தார். அவர்கள் சாப்பிட்டது ஈயம் கலந்த பூச்சு உள்ள மண்பாண்டங்களில்.

பேட்டர்சன் 1965இல் எழுதிய நீண்ட கட்டுரை இந்த வாதத்தின் அடியிலேயே கைவைத்தது. எல்லோரிடமும் இருக்கிறது என்பதால் ஒன்று இயற்கையாகிவிடாது. இன்றைய அமெரிக்கரின் உடலில் உள்ள ஈயம் இயற்கை அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்று கணக்கோடு காட்டினார். மற்றவர்களின் ஆய்வகங்களில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், ஈயத்தை அளக்கும் அறையே ஈயத்தால் நிறைந்திருந்தது. விளைவு அவருக்கு உடனே வந்தது. எண்ணெய்த் தொழில் சங்கம் தந்துவந்த ஆராய்ச்சிப் பணம் நின்றது. காற்றில் ஈயம் பற்றி ஆராய 1971இல் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த குழுவில், அந்தத் துறையில் உலகிலேயே நன்றாக அளக்கத் தெரிந்த அவருக்கு இடமில்லை. அவர் நிறுத்தவில்லை. 1966இல் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார், தொடர்ந்து எழுதினார், ஈயப் பற்றவைப்புள்ள டப்பாவில் அடைத்த மீனையும், பெருவில் புதைந்திருந்த பழங்கால எலும்புகளையும் அளந்தார். 1970களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் பெட்ரோல் ஈயம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1976க்கும் 1980க்கும் இடையே மட்டும் அந்நாட்டு மக்களின் இரத்தத்தில் சராசரி ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. குழந்தைகளின் மூளைக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த மருந்தும் செய்திருக்குமா என்பது சந்தேகம். இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் முழுமையாக வந்தது 2000இல். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

ஓசோன் படலத்தின் கதையும் இதே வகை. பலரும் அறிந்தது என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டி வாயு எங்கே போகிறது என்று 1974இல் கேட்டு, அது ஓசோனை அழிக்கும் என்று கணக்கிட்டவர்கள் ஷெர்வுட் ரோலண்டும் மாரியோ மொலினாவும். ஆனால் அந்தக் கணக்கை மறுக்க முடியாதபடி செய்தது, அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து வருடம் தவறாமல் ஓசோனைக் குறித்துவந்த பழைய கருவி ஒன்றுதான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சுவாரசியமாக ஒன்றும் காட்டாத அந்தக் குறிப்பேடு 1985இல் உலகையே அசைத்தது. இரண்டே ஆண்டில் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்படிச் சலிப்பூட்டும் அளவீட்டைத் தொடர்ந்து செய்ய நல்கை கேட்டு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். புதிதாக என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வியாக வரும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் வேதியியலைச் சமூகத்தோடு பிணைத்தவர்களில் முன்னோடி வங்காளத்தின் பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவில் பட்டம் பெற்றுத் திரும்பி, கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கல்கத்தாவில் வாடகை வீட்டில் மருந்து செய்யத் தொடங்கினார். அதுவே பெங்கால் கெமிக்கல்ஸ் ஆனது. வேலையில்லாத வங்காள இளைஞர்களுக்குச் சோறு போடும் வேதியியல்தான் அவர் மனத்தில் இருந்தது. 1922இல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது நிவாரணப் பணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. செய்து தரும் வேதியியலின் மிக உயர்ந்த வடிவம் என்று அவரைத்தான் சொல்வேன்.

அதே வங்காளத்தில் அளக்காமல் விட்டதால் நேர்ந்த கொடுமையும் நடந்தது. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வாந்திபேதியில் சாகிறார்கள் என்பதால், 1970களிலிருந்து லட்சக்கணக்கில் அடிபம்புகள் போடப்பட்டன. நல்ல எண்ணம்; பலனும் கிடைத்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது, கிருமி இல்லை, உப்புக் கரிக்கவில்லை. ஆனால் நிலத்தடி வண்டலிலிருந்து ஆர்சனிக் அதில் கரைந்திருந்தது. ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உள்ளங்கையில் கடினமான முடிச்சுகளும் மார்பில் கரும்புள்ளிகளும் தோன்ற ஆண்டுகள் பிடிக்கும். புற்றுநோய்க்கு இன்னும் நாளாகும். 1980களில் மேற்கு வங்கத் தோல் மருத்துவர்கள் நோயை அடையாளம் கண்டார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவரது மாணவர்களும் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர், முடி, நகம் என்று பல்லாயிரம் மாதிரிகளை அளந்தார்கள். வங்கதேசத்தில் 1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் நிலத்தடி நீரைச் சோதித்தது. அந்தச் சோதனைப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பின்னாளில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் லண்டன் வரை வழக்காடினார். தேடச் சொல்லாத ஒன்றைத் தேடாமல் விட்டதற்கு அந்த ஆய்வகம் அவருக்குப் பொறுப்பாகாது என்று 2006இல் தீர்ப்பானது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒரு தண்ணீர் மாதிரி கையில் கிடைத்த வேதியியலாளனுக்கு அந்த வரம்பு போதும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாலாற்றங்கரையில் நாம் கண்டதும் இதற்குக் குறைந்ததில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலம் போய், குரோமியம் வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளில் முடிந்தது; தோல் வெளிர்நீலமாக, மிருதுவாக வந்தது. வழக்கமான முறையில் போடும் குரோமிய உப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தோல் உறிஞ்சும். மிச்சம் கழிவுநீரோடு போகும். சென்னையில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மிச்சத்தை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, அமிலத்தில் கரைத்து, மறுபடி தொட்டியில் சேர்க்கும் முறையை உருவாக்கித் தந்தது. அந்த நிறுவனத்தை வளர்த்த நாயுடம்மா, ஆய்வகம் சிறிய டேனரிக்காரர்களின் வாசலுக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர்.

இங்கே வேதியியல் தெரிந்தால் மட்டுமே பிடிபடும் ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அதன் நச்சு குறைவு. அந்த உப்பைத் தயாரிக்கும் ஆலையின் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. புற்றுநோயை உண்டாக்குவது, நீரில் எளிதாகக் கரைந்து நகர்வது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அந்தக் கழிவு குவிந்து கிடந்தது; மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்தது. மொத்தக் குரோமியம் இவ்வளவு என்று மட்டும் சொல்லும் அறிக்கை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிரித்தறிவது கடினமே இல்லை. தண்ணீர் மாதிரியில் சிறிது அமிலம் சேர்த்து, டைபீனைல்கார்பசைடு கரைசலைச் சில துளிகள் விட்டால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும் நீர் சில நிமிடங்களில் செவ்வூதா நிறமாகும். மூன்று இணைதிறன் மட்டும் இருந்தால் நிறம் வராது. இளநிலை மாணவர்களே செய்யக்கூடிய சோதனை. ஆலைக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒவ்வொன்றிலும் இது வருடாந்தர வேலையாக இருந்திருக்க வேண்டும்.

தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கியது. அந்தத் தீர்ப்பைப் படித்தால் அதைத் தாங்கி நிற்பது அளவீடுகள் என்று தெரியும். திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களின் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கு அதில் இடம்பெறுகிறது. அதை எடுத்தது அரசுத்துறையோ ஆலையோ இல்லை. தனிப்பட்ட தொண்டு அமைப்பு. மாசுபட்ட நிலத்தின் பரப்பை வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் தந்தது. இரண்டுமே டேனரிகளின் பணத்தை நம்பியிராதவை. இவை இல்லாதிருந்தால் ஏழை விவசாயியின் புகார் புகாராகவே நின்றிருக்கும். அதே பாலாறு 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தத் தொடர் அளவீட்டை யாருடைய அன்றாடப் பொறுப்பாகவும் நாம் ஆக்கவில்லை என்றுதான் பொருள்.

அளப்பவர் சொன்னதெல்லாம் வேதவாக்கா என்று கேட்கலாம். இல்லை. லைனஸ் பாலிங்கின் வாழ்க்கை இதற்கு நல்ல பாடம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவும் ஸ்ட்ரான்ஷியம்-90, கால்சியத்தின் உறவுத் தனிமம் என்பதால் எலும்பிலும் பல்லிலும் போய் உட்காரும் என்பது தனிம அட்டவணை தெரிந்த எவருக்கும் புரியும். செயின்ட் லூயிஸ் நகரில் தாய்மார்கள் குழந்தைகளின் விழுந்த பால்பற்களை லட்சக்கணக்கில் அனுப்ப, அது அளந்தே காட்டப்பட்டது. சோதனைகளை நிறுத்தக் கோரி ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு பாலிங் 1958இல் ஐ.நா.வுக்கு மனு கொடுத்தார். 1962ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்குக் கிடைத்தது. அதே பாலிங் பிற்காலத்தில் வைட்டமின் சி புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னபோது, மேயோ மருத்துவமனையின் கட்டுப்பாட்டுச் சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. இரண்டு முறையும் ஆள் ஒருவரே, குரலும் அதே உறுதியான குரல். முதல் முறை பற்கள் சாட்சி சொல்லின, இரண்டாம் முறை சாட்சி இல்லை. சமூகம் நம்ப வேண்டியது பெயரையோ பரிசையோ அல்ல; வேறொருவர் வேறொரு ஆய்வகத்தில் திரும்ப அளந்தாலும் அதே எண் வருகிறதா என்பதை.

அதற்கு ஆட்கள் வேண்டும், கருவி வேண்டும், சம்பளம் வேண்டும், அந்தச் சம்பளம் அளக்கப்படுபவரின் பையிலிருந்து வரக்கூடாது. இன்று நம் நாட்டில் ஒரு தொழில்திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை எழுதும் ஆலோசகரை அமர்த்திப் பணம் தருவது திட்டத்தை நடத்துபவரே. இதை மாற்றுவது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆலைகளிடம் கட்டணமாக வாங்கிப் பொது நிதியில் போட்டு, எந்த ஆய்வகம் எந்த ஆலையை அளப்பது என்பதை மூன்றாமவர் முடிவு செய்யலாம். மாதிரியில் பாதியை ஊர்க் கல்லூரி ஒன்றுக்குக் கொடுத்து ஒப்பிடலாம். எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிப்போடலாம். நம் கல்லூரிகளில் முதுநிலை வேதியியல் படித்துவிட்டு வேலை தேடி அலையும் பிள்ளைகள் ஏராளம். இந்த வேலைக்கு அவர்கள் தகுதியானவர்கள்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் கண்முன் இருக்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் அங்கிருந்த ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் ஊர்மேல் படர்ந்தபோது, வந்தது எந்த வாயு, உடலில் என்ன செய்யும், மாற்று மருந்து என்ன என்று ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அந்த ஆலை வளாகத்தில் எஞ்சியிருந்த 337 டன் கழிவை எரிப்பதற்காகப் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அவ்வூர் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். நீதிமன்ற மேற்பார்வையில் சோதனை எரிப்பு நடந்தது. வெளியேறிய புகை வரம்புக்குள் இருக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அந்த எண்கள் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஊரில் பலர் நம்பவில்லை. அவர்களுக்கு வேதியியல் தெரியாததால் வந்த பயம் அது என்று எங்கள் துறையில் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த எண்களைச் சொன்னவர்கள் யாருடைய ஆட்கள் என்பது நாற்பது ஆண்டுகளாக அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவே இல்லை.